இடக்கை எழுப்பிய நாதம்

ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் அறைக்கு மேல்மாடியில் இளைஞர் சிலர் ஞாயிறுதோறும் ராக் இசை பழகுகிறார்கள். அவர்களுள் டிரம்ஸ் வாசிப்பவர் இடக்கைக்காரர். வாத்தியமோ இரவல். ஆதலால் அனைத்தையும் இடம் வலமாக மாற்றி அடுக்கிய பின்னரே தொடங்குவார். அதற்குள் மற்றவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். இந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. நானும் இடக்கையால் எழுதுகிறவன். ஆகவே அவரிடம் எனக்குத் தனிப்பற்று உண்டு.

சுப்பிரமணிய பிள்ளை 1908-ல் பிறந்தார். தந்தை பழனி முத்தையா பிள்ளை தாள வாத்தியத்தில் வல்லவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். அதே மரபில் வந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமும் சுப்பிரமணிய பிள்ளை பாடம் கேட்டார். குலமும் குருவும் இவ்வாறு வாய்த்தும், இடக்கைப் பழக்கம் ஒரு குறையாகவே கருதப்பட்டது. காரணம் என்ன?

மேடையில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி நிற்கும். கரணை இட்ட அந்தத் தோலின் பெருமையை விஞ்ஞானமும் அறியும். வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசைவதில்லை. கரணையின் பாரம் அவற்றை முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. சர் சி. வி. ராமன் நம் பெங்களூரில் பணியாற்றிய காலத்தில், 1934-ல், இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

இடக்கைக்காரருக்கு வலந்தலை இடக்கைப் பக்கம் வந்துவிடும். அது சபையை நோக்க வேண்டுமானால் அவர் பாடகருக்கு இடப்புறம் அமர வேண்டும். வயலின் வித்துவான் மறுபுறம் பெயர வேண்டும். இதற்கு எல்லா வித்துவான்களும் இசையவில்லை. தோலுக்கும் தாளத்துக்கும் எந்தக் கை என்ற பேதமில்லை. பேதம் மனிதர் மனத்தில்தான் இருந்தது. திறமை இருந்தும் உட்கார இடமில்லை என்பது எத்தகைய துயரம்!

அத்துயரைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் செம்பை வைத்தியநாத பாகவதர். அவர் தம் மேடையில் சுப்பிரமணிய பிள்ளைக்கு இடம் தந்தார். ஊன்ற ஓர் இடம் கிடைத்ததும் பிள்ளையின் புகழ் பரவிற்று. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தனித்து ஒலிக்கும் வாசிப்பு அவருடையது. தொப்பியில் அவர் எழுப்பிய கும்கியின் குழைவை ரசிகர்கள் கொண்டாடினர். கடினமான கணக்குகளையும் பாட்டின் அழகு கெடாமல் வைப்பார். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, இவர் கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும் உண்டு. சமகாலத்து இரு பெரும் மேதைகள் போட்டியையும் நட்பையும் ஒரே மேடையில் காட்டினார்கள்!

1962-ல், ஐம்பத்து நான்காம் வயதில், அவர் மறைந்தார். சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்துவானுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-ல். பெற்றவர் மணி ஐயர். மிருதங்கக்காரருக்கு அந்தக் கதவு திறந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை.

ஆனால் அவர் நாதம் நின்றுவிடவில்லை. அவருடைய மாணவர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா சென்று, டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். மேலை வாத்தியங்களோடும் இந்தோனேசியாவின் கேமலானோடும் மிருதங்கத்தைச் சேர்த்துப் புதிய இசை படைத்தார். 2011-ல் சங்கீத கலாநிதியும் ஆனார். குருவுக்குக் கிட்டாதது மாணவருக்குக் கிட்டியது.

நண்பர்களே, பிழைப்பையும் படிப்பையும் நாடி வேற்றூர் வந்தவர்கள் நாம். வந்த நாளில் யாரோ ஒருவர் சற்று நகர்ந்து நமக்கு இடம் தந்ததால்தான் இங்கே நிற்கிறோம். அடுத்து வருபவருக்காக நாம் நகர்கிறோமா? பழனியாரின் வாழ்க்கை என்னை இவ்வாறு கேட்கிறது. இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் நானும் மாடியேறி, அந்த டிரம்ஸை மாற்றி அடுக்கக் கைகொடுக்கிறேன். இருவர் சேர்ந்தால் ஐந்தே நிமிட வேலை!