ஐம்பதைத் தாண்டி வந்த முதல் நாவல்



எழுத ஆசை உண்டு, ஆனால் வயதாகிவிட்டதே என்று நம் குடியிருப்பில் பலர் சொல்வதுண்டு. அவர்களுக்காகவே இந்த இதழில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சில் வந்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ல் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரானார். அதன்பின் முன்சீப்பாக உயர்ந்து தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. அந்த ஊர் அவர் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

நீதிமன்றத்தில் அவரை உறுத்திய ஒன்று உண்டு. வழக்கு யாருடையதோ அவருக்கே வாதமும் புரியாது, தீர்ப்பும் புரியாது. எல்லாம் ஆங்கிலம். ஆகவே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாகக் கொண்டுவந்தார்.

எழுத்திலும் அவருக்கு இதே கவலைதான். அதுவரை அவர் பெரும்பாலும் செய்யுளே எழுதி வந்தார். 1859-ல் 'நீதிநூல்', 1869-ல் பெண்கல்வியை வலியுறுத்தும் 'பெண்மதி மாலை' வெளிவந்தன. ஆனால் செய்யுளைப் படித்துப் பொருள் கொள்ளப் புலமை வேண்டும். சாதாரண மக்கள் விரும்பிப் படிக்கும் உரைநடைக் கதை தமிழில் இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. அதைத் தாமே தீர்க்க முனைந்தார்.

பார்த்து எழுதத் தமிழில் முன்மாதிரி நாவல் கிடையாது. எனவே தமக்குத் தெரிந்ததையே முதலாக வைத்தார்: வீட்டுப் பேச்சு, கிராமத்து வேடிக்கை, நீதிமன்ற அனுபவம், கதைக்குள் கதை. கதையைச் சொல்பவர் பிரதாப முதலியார். ஆனால் மனத்தில் நிற்பவர் அவர் மனைவி ஞானாம்பாள்தான். ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆளும் அறிவுக்காரி. பெண்கல்விக்காகப் பாட்டில் சொன்னதை ஒரு பெண்ணாகவே நடமாட விட்டார். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் தமிழில் வாதாட வேண்டும் என்பதையும் கதைக்குள் கொண்டுவந்தார்.

கதை அங்குமிங்கும் அலைகிறது, அறிவுரை அதிகம் என்று பின்னாளில் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த நாவலாசிரியர்களுக்கு அதுவே முதல் பாதை.

அவர் எழுத்தோடு மட்டும் நின்றவரல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசியாற்றினார். அதைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார். மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் இருந்தார். இந்தப் பொறுப்புகளுக்கு இடையிலும் எழுத்தைக் கைவிடவில்லை. 1887-ல் இரண்டாவது நாவல் 'சுகுணசுந்தரி' வந்தது. 1889 ஜூலை 21-ல் மறைந்தார்.

அலுவலகத்தில் கண்டது, குடும்பத்தில் கேட்டது, மனத்தை உறுத்தியது: இவை நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. வேதநாயகம் பிள்ளை தொடங்கியதும் இவற்றைக் கொண்டுதான். பாதியில் நிறுத்திய நோட்டுப் புத்தகம் உங்கள் அலமாரியில் இருந்தால், இந்த வாரம் எடுத்துத் தூசி தட்டுங்கள்.