பனிக்கட்டிக்குள் புகுந்த ஒளி: சர் சி. வி. ராமன்

இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர். சர் சி. வி. ராமன் என்றதும் நோபல் பரிசு, கடலின் நீலம், பிப்ரவரி 28 என்று நம் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அவருக்கும் பனிக்கட்டிக்கும் இருந்த உறவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. குளிர்பதனப் பெட்டியிலும் மீன் சந்தையிலும் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைப் பார்க்காத சோஹார்வாசிகளான நமக்கு இது சற்று விசித்திரமாகவும் இருக்கலாம்.

ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். பஞ்சபூதத் தலங்களில் அப்புத் தலம், அதாவது நீருக்குரிய தலம் அது. பின்னாளில் நீரையும் பனிக்கட்டியையும் இவ்வளவு ஆராய்ந்தவர் அங்கே பிறந்ததை நினைக்க நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. தந்தை சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தைக்குக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கவே, குடும்பம் விசாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ.யும், 1907இல் எம்.ஏ.யும் முடித்தார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மாளை மணந்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனார்.

பகலில் கணக்கு அலுவலகம், காலையிலும் இரவிலும் பௌ பஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் ஓடின. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்காக அரசாங்க உத்தியோகத்தை உதறினார். புதிய வேலையில் சம்பளம் குறைவு. சம்பளத்துக்காக ஊரையும் உறவையும் விட்டு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த முடிவின் கனம் நன்றாகவே புரியும். லோகசுந்தரி அம்மாள் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை!

1921இல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்ற கப்பலில் அவர் திரும்பினார். மத்திய தரைக்கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று ராலே பிரபு கூறியிருந்தார். ராமன் சட்டைப்பையிலிருந்த நிகால் பட்டகத்தின் வழியே பார்த்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிய பிறகும் நீலம் போகவில்லை என்று கண்டார். செங்கடலைத் தாண்டி, நம் ஓமானுக்குத் தெற்கே விரியும் அரபிக்கடல் வழியாகத்தான் அந்தக் கப்பல் பம்பாய் சேர்ந்தது.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர் முடிவு. அப்படியானால் உறைந்த நீர்? 1923இல் 'நேச்சர்' இதழில் பனியாறுகளின் பனிக்கட்டி நிறத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். படிகத்துக்குள் அணுக்கள் ஒழுங்காக நின்றாலும் வெப்பத்தால் ஓயாமல் அதிர்வதால் ஒளி சிதறும் என்பது அவர் வாதம். இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடல் நீலத்திலும் பனியாற்று நீலத்திலும் சிதறலுக்கு ராமன் முதலிடம் கொடுத்தார். இன்றைய விஞ்ஞானமோ, நீர் மூலக்கூறு சிவப்பு ஒளியைச் சிறிதளவு விழுங்கிவிடுவதே முக்கியக் காரணம் என்கிறது. மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வில்சுருள் போல அதிர்வதால் நேரும் விழுங்கல் அது. அந்த அதிர்வையே நேராகப் படம்பிடிக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் ராமன்தான்!

அந்த வழி ஒரே நாளில் கிடைத்ததல்ல. 1923இலேயே அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு கலப்பைக் கண்டார். நீரில் அழுக்கு இருப்பதால் வரும் ஒளிர்வு என்றே முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1928 தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் சுமார் 60 திரவங்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் அது இருந்தது. பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானி வழியே பார்த்தபோது புதிய கோடுகள் தனித்தனியே தெரிந்தன. மார்ச் 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரையில், பனிக்கட்டியிலும் இந்த விளைவு தெரிகிறது என்று ராமன் அறிவித்தார். 1930இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வந்தது. 'நேச்சர்' இதழின் முதல் அறிவிப்பில் கிருஷ்ணனின் பெயரும் சேர்ந்தே இருந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நியாயம்.

பனிக்கட்டிக்குள் இந்தக் கோடுகள் எதைக் காட்டின? தனியே திரியும் நீராவி மூலக்கூறின் அதிர்வு, விஞ்ஞானிகள் எண்ணும் கணக்கில், சென்டிமீட்டருக்கு 3657 அலைகள் என்ற இடத்தில் கோடாக விழுகிறது. திரவ நீரில் அது அகன்ற பட்டையாகக் கலங்கிக் கிடக்கிறது. பனிக்கட்டியில் 3140ஐ ஒட்டிக் கூர்மையாக எழுகிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. அந்தப் பிடி அண்டை வில்சுருளைத் தளர்த்துவதால் அதிர்வெண் இறங்குகிறது. பிடி எவ்வளவு உறுதியோ அவ்வளவு இறக்கம். இப்படி விரிந்து நிற்கும் கட்டமைப்பில் வெற்றிடம் அதிகம் என்பதால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஐ. ராமகிருஷ்ண ராவ் என்ற இந்திய ஆய்வாளர் நீராவி, நீர், பனிக்கட்டி மூன்றின் ராமன் நிறமாலைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

இதே முறை பின்னர் அண்டார்டிகாவுக்கும் போயிற்று. அங்கே வொஸ்டோக் என்ற இடத்தில் 3,600 மீட்டருக்கும் ஆழமாகத் துளைத்துப் பனித்தூண்களை எடுத்தார்கள். அதிக ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் காற்றுக் குமிழிகள் மறைந்து, காற்று மூலக்கூறுகள் பனிக் கூண்டுகளுக்குள் அடைபட்டுவிடுகின்றன. உருக்கினால் கூண்டு உடைந்துவிடும். அகச்சிவப்பு ஒளியோ நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சாதாரணமாகக் காட்டாது. லேசர் கதிரைச் செலுத்தி ராமன் கோடுகளைப் பார்த்தால், நைட்ரஜன் 2330ஐ ஒட்டியும் ஆக்சிஜன் 1550ஐ ஒட்டியும் தெரியும். கோடுகளின் வலிமையிலிருந்து, பல்லாயிரம் ஆண்டுப் பழமையான காற்று கூண்டுக்குள் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று உருக்காமலே கணக்கிட்டார்கள்.

ராமன் 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகத்தில் பூசல்கள் எழுந்து, 1937இல் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். ஆனாலும் பேராசிரியராக 1948 வரை அங்கேயே இருந்தார். அவருடைய கோபமும் பிடிவாதமும் பிரசித்தம். ஓய்வுக்குப் பின் தம் பெயரிலேயே ஆய்வு நிலையம் அமைத்து, கடைசிவரை வைரங்களையும் பூக்களின் நிறங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1954இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1970 நவம்பர் 21 அன்று காலமானார். அவருடைய ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் மண்டபம் எதுவும் கட்டவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.