மகாமகோபாத்தியாயர் சந்திரசேகர சாமந்தர்

வானசாத்திரம் என்றவுடன் பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகளும், மலையுச்சிகளிற் கட்டப்பட்ட அவதான நிலையங்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அக்கண்ணாடி வானத்தை நோக்கித் திருப்பப்பட்டது 1609ஆம் ஆண்டளவிலேயாம். அதற்கு முன் பன்னூறாண்டுகளாக மக்கள் தம் கண்களையும், ஒரு கோலையும், அதன் நிழலையும், நீர்க்கடிகையையுமே துணையாகக் கொண்டு, திதியும் நட்சத்திரமும் கிரகணமும் கணித்து வந்தனர். தூரதிருஷ்டிக் கண்ணாடி உலகெங்கும் பரவிவிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், அதன் உதவியின்றியே வானத்தை அளந்து, முன்னோர் கணிதத்தைத் திருத்திய பெரியார் ஒருவர் பாரத தேசத்திலே வாழ்ந்தனர். அவரே ஒரிசா நாட்டுச் சந்திரசேகர சாமந்தராவர். அவருடைய சரித்திரம் மாணாக்கர்க்கு வானத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்றருவதாகலின் ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றாம்.

இவர் 1835ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கண்டபாடா என்னும் ஊரிற் பிறந்தார். அஃது அக்காலத்து மலைசூழ்ந்த ஒரு சிற்றரசு. இந்நாளில் ஒடிசா மாநிலத்து நயாகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவர் பிறந்த குடும்பம் அவ்வரசர் குலத்தின் ஒரு கிளையாகும். முன் பிறந்த குழந்தைகள் இறந்தொழிந்தமையால், பெற்றோர் இவரை ஒரு முஸ்லிம் பக்கிரிக்குப் பெயரளவிற் கொடுத்து மீட்டுக்கொண்டனரென்றும், அதுபற்றியே பட்டாணி என்னும் பெயர் வழங்கலாயிற்றென்றும் சொல்லுவர். இன்றும் ஒடிசா மக்கள் இவரைப் பட்டாணி சாமந்தர் என்றே அன்போடு அழைக்கின்றனர்.

இவர் ஆங்கிலக் கல்விச்சாலை எதனையும் அணுகினாரல்லர். ஒரியாவும் சம்ஸ்கிருதமுமே இவர் அறிந்த மொழிகள். இளமையிலே குடும்பத்துப் பெரியார் ஒருவர் சிறிது சோதிடம் கற்பித்து, இரவில் நட்சத்திரங்கள் சிலவற்றைச் சுட்டிக் காட்டினர். அவ்வளவே இவர் பெற்ற குருமுகமான பயிற்சி. பின்னர் வீட்டிலிருந்த ஏட்டுச் சுவடிகளைத் துணையாகக் கொண்டு, சூரிய சித்தாந்தம், பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய சித்தாந்த சிரோமணி முதலிய நூல்களைத் தாமே முயன்று கற்றார்.

ஏறக்குறையப் பதினைந்து வயதிலே இலக்கினமும் கிரகநிலையும் கணிக்க வல்லவராயினார். கணித்தவர் அதனோடமையாது வெளியே சென்று வானத்தையும் நோக்கினார். நூல் கூறிய வேளையில் நட்சத்திரம் உதிக்கவில்லை. நூல் கூறிய இடத்திலே கிரகம் நிற்கவில்லை. இவ்விடத்திலேதான் இவருடைய வாழ்க்கை ஏனையோர் வாழ்க்கையினின்றும் பிரிகின்றது. நூல் சொல்வதே உண்மை, வானத்தை நோக்க வேண்டுவதில்லை என்றிருப்பாரும் உளர். நூல் பிழைத்தது, ஆகவே அதனை எறிந்துவிடுக என்பாரும் உளர். இவர் இவ்விரு திறத்தாரையும் சார்ந்திலர். முன்னோர் தம் காலத்திற் கண்டு எழுதியது பிழையன்றாயின், இன்று காண்பது வேறுபடுதற்குக் காரணம் யாது என்று ஆராயத் தொடங்கினார்.

காரணம் அறிதற்கு அரியதன்று. ஒரு கிரகத்தின் அன்றாட நடையை நூலார் ஒரு விகலையின் நூற்றிலொரு பங்கு கூட்டியோ குறைத்தோ கொண்டனரென வைத்துக்கொள்வோம். அஃது எந்தக் கருவிக்கும் அன்று புலப்படாத பிழை. ஆயினும் 700 ஆண்டுகளிலே இரண்டு இலட்சத்து ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் கழியும்போது, அச்சிறு பிழை 42 கலைக்கு மேலாக வளர்ந்துவிடும். பூரணச் சந்திரனுடைய அகலம் ஏறக்குறைய 31 கலையே. ஆகவே நூலிடத்துக்கும் வானிடத்துக்கும் இடையே சந்திரபிம்பத்தினும் பெரிய வெளி உண்டாகும். இதனை முன்னோரும் அறிந்திருந்தனர். பழைய கணிதத்தைக் காட்சியோடு பொருந்தத் திருத்துதலைப் பீஜ சம்ஸ்காரம் என்றனர். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நோக்கி, 1431ஆம் ஆண்டிலே திருக்கணித முறையை வகுத்ததும் இக்கருத்துப் பற்றியேயாம். திருக்கு என்பது காட்சி. சாமந்தர் செய்யப்புகுந்ததும் முன்னோர் விட்ட அப்பணியையே.

பணிக்குக் கருவி வேண்டும். விலைகொடுத்து வாங்கப் பொருளுமில்லை; வாங்குதற்குரிய இடமும் அம்மலைநாட்டிலில்லை. ஆகவே மூங்கிலையும் மரத்தையுங்கொண்டு தாமே கருவிகள் செய்துகொண்டார். கோளயந்திரமும் நிழலளக்கும் சங்குவும் பழைய நூல்களிற் கூறப்பட்டவை. அவர் பெரிதும் பயன்படுத்தியது மானயந்திரம் என்னும் எளிய கருவியாகும். இருபத்துநான்கு அங்குல அளவினதாகிய ஒரு கோலின் முனையிலே குறுக்காக ஒரு சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்திலே உரிய இடங்களிற் துளைகளும் வெட்டுகளும் உண்டு. கோலின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து, கோலின் வழியே ஒரு நட்சத்திரத்தையும், சட்டத்திலுள்ள துளையின் வழியே மற்றொன்றையும் நோக்கினால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் தெரியவரும். நடுவிலிருந்து 24 அங்குலத்திலுள்ள குறி 45 பாகையைக் காட்டும், 13.86 அங்குலத்திலுள்ளது 30 பாகையையும், 4.23 அங்குலத்திலுள்ளது 10 பாகையையும் காட்டும். திரிகோண கணிதத்தின் முதற்பாடம் அறிந்த எவரும் இதனைச் செய்துகொள்ளலாம். சாமந்தர் இக்கருவியினாலேயே மலைகளின் உயரத்தையும் கணித்தறிந்தனர்.

கருவி எளிது, அதனைக் கையாண்ட பொறுமையே அரிது. இருபத்துமூன்று வயதளவிலே தாம் கண்டவற்றை ஒழுங்காகக் குறித்துவைக்கத் தொடங்கினார். மழைக்கால முகில் நீங்கலாக, இரவுதோறும் அளந்து, பகலிலே கணித்து, இரண்டையும் ஒப்புநோக்கினார். உறக்கமின்மையும் வயிற்றுநோயும் அவரை வருத்தின. இருந்தும் பணி தளரவில்லை.

அவர் கண்டவற்றுள் தலைசிறந்தது சந்திரனுடைய நடைபற்றியது. சந்திரன் ஒரே சீராக நடப்பதில்லை. பழைய சித்தாந்தங்களுட் பெரும்பாலன மந்தபலம் என்னும் ஒரு திருத்தத்தையே அதற்குக் கூறின; மஞ்சுளாசாரியர் போன்றார் சிலர் மற்றொன்றையும் கூறினர். சாமந்தரோ மூன்று வேறுபாடுகளைத் தாமே கண்டு, அவற்றுக்குத் துங்காந்தரம், பாட்சிகம், திகம்சம் எனப் பெயரிட்டார். துங்காந்தரம் என்பது சந்திரனுடைய உச்சத்துக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி வருவது. இதன் மிகுதியான அளவு ஏறக்குறைய 1 பாகை 16 கலை. பாட்சிகம் என்பது பட்சத்தினுள்ளே ஏறியிறங்குவது. ஏறக்குறைய 39 கலை. திகம்சம் என்பது ஞாயிறு அணுகியும் அகன்றும் நிற்றலால் ஆண்டுக்கொருமுறை சுழன்று வருவது. ஏறக்குறைய 11 கலை. இவை இக்காலத்தார் கொள்ளும் அளவுகளாம்.

இவற்றைப் பலர் காணாதொழிந்தமைக்குக் காரணம் உண்டு. கணிதர் பலரும் தம் கணிதத்தைச் சோதித்தது கிரகணத்தினாலேயாம். கிரகணம் அமாவாசையிலும் பூரணையிலுமே நிகழும். பாட்சிகமோ அவ்விரு நாளிலும் அட்டமியிலும் இல்லையாகி, இரு பட்சத்துச் சதுர்த்தியிலும் துவாதசியிலும் உச்சமடைவது. ஆகவே கிரகணத்தை மாத்திரம் நோக்கினவர்க்கு அஃது ஒருபோதும் அகப்படாது. அந்நாட்களிலே சந்திரன் கணித்த இடத்தினின்று தன் பிம்பத்தினும் அதிகமாக விலகிநிற்க, திதி முடியும் வேளையும் ஒரு மணிக்குமேல் மாறும். விசேடமொன்றும் நிகழாத சாதாரண இரவுகளிலும் வானத்தை நோக்கியவர் எவரோ, அவருக்கே அஃது அகப்படும். சந்திரன் செல்லும் பாதையின் சாய்வையும் அவர் இவ்வாறே திருத்தினார். சூரிய சித்தாந்தம் அதனை 4 பாகை 30 கலை என்றது. சாமந்தர் 5 பாகை 9 கலை என்றனர். இக்காலத்து அளவும் அதுவே.

இவற்றையெல்லாம் தொகுத்து 1869ஆம் ஆண்டிலே சித்தாந்த தர்ப்பணம் என்னும் நூலைச் சம்ஸ்கிருத சுலோகங்களால் இயற்றி, ஒரியா எழுத்திலே பனையோலையில் எழுதி முடித்தார். அதன் 2500 சுலோகங்களுள் 2284 அவர் தாமே பாடியன. எஞ்சியன முன்னோர் நூல்களினின்றும் எடுக்கப்பட்டன. எழுதிமுடித்தும், அந்நூல் முப்பது ஆண்டுகள் ஓலையாகவே கிடந்தது. கட்டாக் நகரத்து இரேவன்ஷா கல்லூரியிலே பேராசிரியராயிருந்த யோகேச சந்திர ராயர் அதன் அருமையை உணர்ந்து, ஆங்கிலத்திலே விரிவான முகவுரை எழுதி, 1899ஆம் ஆண்டு கல்கத்தாவில் அச்சேற்றுவித்தார். இலண்டனில் வெளிவரும் நேச்சர் என்னும் சஞ்சிகை அவ்வாண்டிலேயே அதனை மதிப்பிட்டு, ஆசிரியரைத் தென்மார்க்கு நாட்டு டைக்கோ பிராகியோடு ஒப்பிட்டது. அரசாங்கத்தார் முன்னமே 1893ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் வழங்கியிருந்தனர். பூரி செகந்நாதர் ஆலயத்திலே கிரியைகளுக்குரிய காலங்கள் அவருடைய கணிதத்தைத் தழுவிய பஞ்சாங்கத்தால் நிச்சயிக்கப்படலாயின. 1904ஆம் ஆண்டு சூன் மாதம் அப்பூரியிலேயே அவர் உலகவாழ்வை நீத்தார். புவனேசுவர நகரத்துக் கோளரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, அவரைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் முறையன்று. துங்காந்தரத்தைக் கிரேக்க வானநூலாராகிய தொலமியார் இரண்டாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். மற்ற இரண்டும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே டைக்கோ பிராகியின் அவதானங்களால் வெளிப்பட்டன. சாமந்தர் தம் வாணாளைச் செலவிட்டுக் கண்டது, அவர் பிறப்பதற்கு இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் அறியப்பட்டதாகும். கிரகங்கள் ஞாயிற்றைச் சுற்றுகின்றன என்று அவர் சரியாகக் கொண்டார். ஆயினும் ஞாயிறு அவற்றோடு அசையாத பூமியைச் சுற்றுகின்றது என்றே இறுதிவரையும் கருதினார். டைக்கோ பிராகி வந்து நின்ற இடமும் அதுவே. டைக்கோவின் குறிப்புக்களோ கெப்ளர் கையிற் சென்று, கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்னும் உண்மையைப் பயந்தன. சாமந்தருடைய ஓலைக்கு அவ்வாறு ஒரு கெப்ளர் வாய்க்கவில்லை. வேறு நாட்டு நூலும், உடன்கற்கும் தோழரும் இன்றித் தனித்து நின்றமையே இக்குறைக்குக் காரணம், அறிவுக் குறையன்று.

அங்ஙனமாயின் அவருடைய உழைப்பு வீணோ எனின், வீணன்று. பிறர் அச்சிட்ட எண்களை வாங்கி எழுதுதல் வேறு. அவ்வெண்கள் வானத்தினின்றும் எவ்வாறு பெறப்படுகின்றன என்றறிதல் வேறு. முன்னையது பஞ்சாங்கம் தரும், பின்னையதே கல்வி. நம் யாழ்ப்பாணத்திலே வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் பக்கம்பக்கமாக வழங்குகின்றன. சில நாட்களிலே இரண்டும் வேறுபடும்போது எது சரி என்று வாதிப்பார் பலர். அன்றிரவு முற்றத்திற் சென்று சந்திரன் எந்த நட்சத்திரத்தருகே நிற்கின்றது என்று பார்ப்பார் சிலரே. முன்னோர் நூலை மதித்தவரே அதனை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார் என்பதை இச்சரித்திரம் காட்டுகின்றது. திருத்துதல் நிந்தையன்று, திருத்தாது விடுதலே நூலைக் கைவிடுதலாகும்.

ஆசிரியர்காள், இதனைச் செய்தற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. இருபத்துநான்கு அங்குலக் கோலும் ஒரு குறுக்குச் சட்டமும் பள்ளிக்கூடத்திலேயே ஆக்கலாம். மாணாக்கர் வளர்பிறைத் துதியை தொடங்கிப் பூரணைவரையும் மாலைதோறும் சந்திரனுக்கும் அருகிலுள்ள பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பாகையை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுக. சந்திரன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை நடப்பதையும், அந்நடை எல்லா நாளிலும் ஒரே அளவினதாயிராமையையும் அவர்கள் தாமே காண்பார்கள். அங்ஙனம் காணும் சிறுவருள் மீண்டும் மீண்டும் முற்றத்துக்குச் செல்லும் ஒருவன் இருப்பானாயின், அவன் கையிலே கோலை மாத்திரமன்று, நல்ல நூல்களையும் கொடுத்துதவுக. கண்டபாடாவிலே தனித்திருந்த அப்பெரியாருக்குக் கிடையாதுபோனது அதுவேயாம்.