டெலஸ்கோப் வாங்கக் காசில்லை... வீட்டிலேயே செய்து புதிய கோளைப் பிடித்த இசை ஆசிரியர்! யார் இந்த வில்லியம் ஹெர்ஷல்?

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இந்த ஐந்து கோள்களையும் மனிதர்கள் வெறும் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். முதலில் பார்த்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

இன்ன தேதியில், இன்னார் கண்டுபிடித்தார் என்று சொல்லக்கூடிய முதல் கோள் யுரேனஸ்தான். தேதி: 1781 மார்ச் 13.

கண்டுபிடித்தவர் அப்போது எந்த வானியல் ஆய்வகத்திலும் வேலை பார்க்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, வீடு வீடாகப் போய் இசை சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். பெயர் வில்லியம் ஹெர்ஷல். அன்று அவர் பார்த்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்திலிருந்து. பார்த்த டெலஸ்கோப் அவரே கையால் செய்தது.

வானம் பார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் பெரிய டெலஸ்கோப் வாங்க வசதி இல்லையே என்று தள்ளிப்போடுபவர்கள் இன்றும் நிறைய பேர். 250 வருடத்துக்கு முன்னால் இதே பிரச்னை ஹெர்ஷலுக்கும் வந்தது. அவர் என்ன செய்தார்? விரிவாகப் பார்ப்போம்.

ராணுவ பேண்டில் தொடங்கிய வாழ்க்கை

ஹெர்ஷல் பிறந்தது ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில், 1738 நவம்பர் 15 அன்று. அப்பா ராணுவ பேண்டில் ஓபோ என்ற குழல் வாத்தியம் வாசித்தவர். பையனும் 14 வயதிலேயே அதே பேண்டில் சேர்ந்துவிட்டார்.

1757-ல் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் படையிடம் ஹானோவர் தரப்பு தோற்றது. அதே வருடம் ஹெர்ஷல் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அப்போது வயது 19. கையில் பெரிதாகப் பணம் இல்லை. லண்டனில் இசைக் குறிப்புகளைப் பார்த்து எழுதிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

மெல்ல மெல்ல முன்னேறி, 1766-ல் பாத் நகரத்தின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. கச்சேரி, மாணவர்கள், சொந்தமாக எழுதிய சிம்பொனிகள் என்று வாழ்க்கை நன்றாகவே போனது.

1772-ல் தங்கை கரோலினையும் ஹானோவரிலிருந்து அழைத்து வந்தார். கரோலினுக்குச் சின்ன வயதில் டைஃபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நின்றுபோயிருந்தது. உயரம் நான்கேகால் அடிதான். அம்மா அவரை வீட்டு வேலைக்கே வைத்திருந்தார். மகளை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. வேலைக்காரி வைத்துக்கொள்ள வருடா வருடம் பணம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் அண்ணன் தங்கையைக் கூட்டிவந்தார்.

34 வயதில் வந்த ஆசை

1773 மே மாதம் ஹெர்ஷல் ஒரு வானியல் புத்தகம் வாங்கினார். படிக்கப் படிக்க, இதையெல்லாம் நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது.

முதலில் லென்ஸ்களை வாங்கி அட்டைக் குழாயில் மாட்டிப் பார்த்தார். அந்தக் காலத்து லென்ஸில் படம் ஓரளவு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் குழாய் மிக நீளமாக இருக்கவேண்டும். நீளக் குழாயோ வளைந்து தொங்கியது. நேராக நிறுத்தவே பெரும்பாடு.

அடுத்து, கண்ணாடி வைத்து ஒளியைக் குவிக்கும் சின்ன டெலஸ்கோப் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அது பிடித்துப்போனது. இதைவிடப் பெரியது வேண்டும் என்று லண்டனில் விலை விசாரித்தார். விலை அவர் கைக்கு எட்டவில்லை.

அத்தோடு விட்டாரா? அதுதான் இல்லை. பாத் நகரத்தில் ஒருவர் பொழுதுபோக்காகக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்து, அதை நிறுத்தப் போவதாகத் தெரிந்தது. அவருடைய பழைய கருவிகளையும் பாதி முடிந்த கண்ணாடிகளையும் ஹெர்ஷல் அப்படியே வாங்கிக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால், செகண்ட் ஹேண்ட்.

வீடே பட்டறை ஆனது

அந்தக் கண்ணாடி நம் வீட்டில் இருக்கும் கண்ணாடி மாதிரி இல்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்து வார்க்கும் உலோகக் கண்ணாடி. கேரளாவின் ஆரன்முளா கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வகை உலோகக் கலவை.

வார்த்த தட்டை நடுவில் லேசாகக் குழிவாக வரும்படி தேய்க்கவேண்டும். அந்த வளைவு கொஞ்சம் பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, கலங்கித் தெரியும். கடைசி மெருகு ஏற்றும்போது கையை எடுக்கவும் கூடாது. ஒருமுறை தொடர்ந்து 16 மணி நேரம் தேய்த்தார் ஹெர்ஷல். கரோலின் பக்கத்தில் நின்று அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டார். அலுப்புத் தெரியாமல் இருக்கக் கதைப் புத்தகங்களையும் வாசித்துக் காட்டினார்.

வரவேற்பறையில் தச்சர் குழாய் செய்துகொண்டிருந்தார். இன்னொரு அறையில் தம்பி அலெக்ஸாண்டர் கடைசல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் பாட்டு வகுப்பு. ராத்திரி வானம்.

1774 மார்ச் 1 அன்று, தான் செய்த டெலஸ்கோப்பில் ஓரையன் நெபுலாவைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார். அதுதான் முதல் பதிவு.

1781 மார்ச் 13: அந்த இரவில் நடந்தது என்ன?

அதற்குள் ஏழு வருடம் ஓடிவிட்டது. 7 அடி நீளமும் 6.2 அங்குலக் கண்ணாடியும் கொண்ட டெலஸ்கோப் தயாராகி இருந்தது. ஹெர்ஷல் ஒவ்வொரு நட்சத்திரமாக, ஒன்றுவிடாமல் வானத்தைச் சலித்துக்கொண்டிருந்தார். இரட்டை நட்சத்திரங்களைப் பட்டியல் போடுவதுதான் நோக்கம். கோள் தேடும் எண்ணமே இல்லை.

ரிஷபம், மிதுனம் ஆகிய இரண்டு விண்மீன் கூட்டங்களின் எல்லை அருகே ஒரு புள்ளி மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தது. அவர் 227 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கும் அளவைக் கூட்டினார். அந்தப் புள்ளியும் வட்டமாகப் பெரிதானது. நட்சத்திரங்கள் அப்படிப் பெரிதாகாது. எனவே இது நட்சத்திரம் இல்லை.

நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அது இடம் மாறியிருந்தது. வால் நட்சத்திரம் என்றுதான் ஹெர்ஷல் அறிவித்தார். பிறகு மற்ற வானியலாளர்கள் அதன் பாதையைக் கணக்குப் போட்டார்கள். சனிக்கும் அப்பால், சனியைப் போல சுமார் இரண்டு மடங்கு தூரத்தில், சூரியனைச் சுற்றும் புதிய கோள் அது என்று உறுதியானது. அதுவரை தெரிந்திருந்த சூரியக் குடும்பத்தின் அளவு ஒரே அடியாக இரட்டிப்பானது.

மற்றவர்கள் ஏன் தவறவிட்டார்கள்?

சுவாரஸ்யமான விஷயமே இதுதான். ஹெர்ஷலுக்கு முன்பே பலர் யுரேனஸைப் பார்த்திருக்கிறார்கள்! இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜான் ஃப்ளாம்ஸ்டீட் 1690-லேயே பார்த்து, ரிஷபத்தின் ஒரு நட்சத்திரம் என்று வரிசை எண் போட்டு எழுதி வைத்தார். பிரெஞ்சு வானியலாளர் பியர் லெமோனியே பலமுறை பார்த்துக் குறித்தார். இருவருக்கும் அது கோள் என்று தெரியவில்லை.

அவர்களிடம் பதவி இருந்தது, கருவி இருந்தது. ஆனால் இடத்தைக் குறித்துவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். ஹெர்ஷலிடம் இருந்தது நன்றாகத் தேய்த்த கண்ணாடி. அதைவிட முக்கியமாக, வருடக்கணக்காக இரவெல்லாம் பார்த்துப் பழகிய கண். நட்சத்திரம் எப்படித் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால்தான் அப்படித் தெரியாத ஒன்றை உடனே பிடித்துவிட்டார்.

சின்ன டெலஸ்கோப்பில் சாதித்த தங்கை

1782-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஹெர்ஷலுக்கு வருடம் 200 பவுண்டு கொடுக்க முன்வந்தார். இசையில் சம்பாதித்ததைவிட அது குறைவுதான். ஆனாலும் இசை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வானத்துக்கே வந்துவிட்டார். பற்றாக்குறையைச் சமாளிக்க டெலஸ்கோப் செய்து விற்றார்.

இதில் அதிகம் இழந்தவர் கரோலின். அவர் மேடையில் பாட ஆரம்பித்து, நல்ல பெயரும் வாங்கியிருந்தார். அண்ணன் இசையை விட்டதும் இவருடைய பாட்டும் நின்றுபோனது. இரவில் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுவார், பகலில் கணக்குப் போடுவார். 1783-ன் கடைசி இரவு, பனியில் ஓடும்போது தடுக்கி விழுந்து ஓர் இரும்புக் கொக்கி அவர் காலில் ஆழமாகக் குத்தியது. அப்படியும் வேலையை நிறுத்தவில்லை.

அண்ணன் அவருக்கென்று ஒரு சின்ன டெலஸ்கோப் செய்து கொடுத்தார். சுமார் 20 மடங்குதான் பெரிதாக்கும். ஆனால் நான்கு நிலா அகலத்துக்கு வானம் ஒரே பார்வையில் தெரியும். அண்ணன் வெளியூர் போயிருந்தபோது, 1786 ஆகஸ்ட் 1 அன்று, அதில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார் கரோலின். 1797-க்குள் அவர் கண்டுபிடித்தவை மொத்தம் எட்டு. 1787 முதல் மன்னர் அவருக்கும் வருடம் 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். அறிவியல் வேலைக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

பெரிசு எல்லாம் நல்லதா?

அடுத்து ஹெர்ஷல் பிரம்மாண்டத்தில் இறங்கினார். மன்னர் 4,000 பவுண்டு கொடுத்தார். 40 அடி நீளக் குழாய், 4 அடி அகலக் கண்ணாடி. 1789-ல் வேலை முடிந்தபோது உலகத்திலேயே பெரிய டெலஸ்கோப் அதுதான். சனியின் துணைக்கோளான என்செலடஸ் அதில் தெரிந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ஆனால் அதைத் திருப்பவே ஆட்கள் வேண்டும். ஈரக் காற்றில் உலோகக் கண்ணாடி மங்கிப்போகும், திரும்ப மெருகேற்றவேண்டும். வானம் தெளிவாக இருக்கும் கொஞ்ச நேரமும் இந்த ஏற்பாட்டிலேயே போய்விடும். அதனால் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது பழைய 20 அடி டெலஸ்கோப்பைத்தான். சுமார் 2,500 நெபுலாக்களையும் நட்சத்திரக் கொத்துகளையும் பட்டியல் போட்டது அதை வைத்துத்தான்.

இன்று தொடங்குபவர்களுக்கு என்ன பயன்?

ஹெர்ஷல் கதையில் நமக்கு நேரடியாக உதவும் விஷயங்கள் இவை.

* முதலில் பைனாகுலர் போதும். அதில் 10x50 என்று போட்டிருந்தால், 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். நிலாவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம், ஓரையன் நெபுலா எல்லாம் தெரியும். கை ஆடாமல் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தால் வியாழனின் நிலாக்களும் தெரியும். சனியின் வளையத்துக்குத்தான் டெலஸ்கோப் வேண்டும்.

* டெலஸ்கோப் பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். லென்ஸ் அல்லது கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல இரண்டு மடங்குதான் அதிகபட்சம் பயன்படும். 60 மில்லிமீட்டர் என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் மங்கும்.

* ஸ்டாண்டைக் கவனியுங்கள். ஆடாத ஸ்டாண்டு இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் வீண். தரையில் வைத்துத் திருப்பும் டாப்சோனியன் வகை எளிமையானது. அதில் 6 அங்குலக் கண்ணாடி, யுரேனஸைப் பிடித்த ஹெர்ஷலின் கண்ணாடி அளவுதான். அவருடைய உலோகக் கண்ணாடி மூன்றில் இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பித் தரும். இன்றைய அலுமினியப் பூச்சு சுமார் 90 சதவீதம் தரும்.

* தூக்கி வெளியே வைக்கச் சிரமமான டெலஸ்கோப் மூலையில்தான் கிடக்கும். மொட்டை மாடிக்கு ஒரே ஆளாக எடுத்துப்போக முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

* சூரியனை மட்டும் எதிலும் பார்க்காதீர்கள். சூரியனைப் பார்க்க வண்ணக் கண்ணாடிகளைச் சோதித்தபோது வெப்பம் மாறுபடுவதைக் கவனித்த ஹெர்ஷல், அதிலிருந்துதான் 1800-ல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கண்டுபிடித்தார். முன்பக்கம் மாட்டும் முறையான சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.

யுரேனஸை நீங்களும் பார்க்கலாம்

1822 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் ஹெர்ஷல் காலமானார். அதன் பிறகு கரோலின் ஹானோவருக்கே திரும்பினார். 1828-ல் லண்டன் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1848-ல், 97 வயதில் அவர் மறைந்தார். யுரேனஸைக் கண்டுபிடித்த பாத் நகர வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 வருடம் ஆகும். ஹெர்ஷல் பார்த்த இடத்துக்கு அது மூன்றாவது முறையாகத் திரும்பி வரப்போவது 2033-ல். 2024 முதல் அது ரிஷபத்தில்தான் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி முன்னிரவுகளில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், மொபைலில் ஒரு வான வரைபட ஆப்பும் கையில் ஒரு பைனாகுலரும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

பார்க்க ஒரு சாதாரண நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும். ஃப்ளாம்ஸ்டீடும் அப்படித்தான் நினைத்தார். சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறதோ, அதுதான் யுரேனஸ்.