கண்ணொளி மீட்ட கைகள்

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பம் ஒன்றில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஆற்று மணலில் விரலால் எழுதிப் பழகியே அவர் எழுத்தறிவு பெற்றார். அவருடைய சிறுவயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத் துன்பத்தால் உயிரிழந்தனர். உதவிக்கு வர ஊரில் மருத்துவர் எவரும் இல்லை. தாம் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்னும் உறுதி அச்சிறுவனின் நெஞ்சில் வேரூன்றியது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றபின், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். எண்ணிய வாழ்வு கைகூடும் வேளையில் முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் வளைந்து திருகின. ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னும் எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவம் என்னும் கனவு கலைந்தது.

அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் பயின்று 1951இல் பட்டயம் பெற்றார். நுண்ணிய கத்தியைப் பற்றுவதற்கு வளைந்த விரல்களை நாள்தோறும் பழக்கினார். தம் கைக்கு ஏற்ற கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டார். அந்தக் கைகளாலேயே தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவை மருத்துவங்களைச் செய்தார்.

அவற்றுள் பெரும்பாலானவை கண்புரைக்கானவை. கண்ணின் உள்ளே, பாவைக்குப் பின்னால், தெளிந்த வில்லை ஒன்று உள்ளது. முதுமையில் அது மெல்ல மெல்ல வெண்மையாகவோ பழுப்பாகவோ கலங்குகிறது. இதுவே கண்புரை. இதில் வலி இராது. பார்வை மட்டும் பனிமூட்டத்தில் நோக்குவதுபோல் மங்கும். விளக்கொளி கூசும், நிறங்கள் வெளிறும். சொட்டு மருந்தால் இது கரையாது. கலங்கிய வில்லையை அகற்றுவதே தீர்வு. முதுமை வந்தால் கண் மங்குவது விதி என்று எண்ணிப் பலர் திண்ணையிலேயே முடங்கினர். மீட்கக்கூடிய பார்வையை இழந்து வாழ்வது வீண் துன்பம் என்பதை வெங்கடசாமி உணர்ந்தார்.

மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியபோதே அவர் சிற்றூர்களில் கண் முகாம்கள் நடத்தினார். சிகிச்சை இலவசம் என்றாலும் ஏழைகள் வரத் தயங்கினர். பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருபவரின் நாட்கூலி ஆகியவையே அவர்களைத் தடுத்தன. எனவே நோயாளரை அழைத்து வருவதும், உணவளிப்பதும், மீண்டும் ஊரில் சேர்ப்பதும் மருத்துவத்தின் பகுதியே என அவர் கருதினார். 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் உடன்பிறந்தார் துணையுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளுடன் தொடங்கினார். வீட்டை அடகு வைத்துப் பொருள் திரட்டினார். வசதியுடையோர் தரும் கட்டணமே இல்லாதோரின் சிகிச்சைக்கும் உதவியது.

அக்காலத்தில் வில்லையை நீக்கியபின், தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்தாலன்றிப் பார்வை தெளியாது. பின்னர்க் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை வந்தது. அதன் விலையோ ஏழைக்கு எட்டாதிருந்தது. அதனால் 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் தொடங்கப்பட்டு, மிகக் குறைந்த விலையில் வில்லைகள் உருவாயின.

இன்று இச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் கண்ணை மட்டுமே மரத்துப்போகச் செய்கின்றனர். சிறு திறப்பின் வழியே பழைய வில்லையை நீக்கிப் புதியதைப் பொருத்துகின்றனர். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர். பின்னர்ச் சில வாரங்கள் சொட்டு மருந்து இடவேண்டும், கண்ணைக் கசக்கலாகாது, மருத்துவர் கூறும்வரை கண்ணில் தண்ணீர் படலாகாது. வலியோ சிவப்போ மிகுந்தாலும், பார்வை குறைந்தாலும் உடனே மருத்துவரை அணுகவேண்டும். படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. ஆயினும் புரை மறைத்த கண்களுடன் காத்திருக்கும் முதியோர் இன்றும் பலர். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் பிள்ளைகள், பேரப்பிள்ளையின் முகத்தைப் பாட்டி தடவிப் பார்த்தே அறிந்துகொள்வதைக் காணக்கூடும். அது அன்பு மட்டுமன்று. பார்வை மங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். உடனே பெரியவர்களிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்வது நன்று.