செவிலித்தாய் தந்த காப்பு

குன்றிமணியை நாம் எல்லோரும் அறிவோம். பொற்கொல்லர் அதை நிறையாக வைத்துப் பொன் நிறுத்த காலம் உண்டு. அம்மணிக்குள் இருக்கும் நஞ்சைக் கொண்டு தாய்ப்பாலின் அரிய உண்மை ஒன்றைக் கண்டவர் ஒரு ஜெர்மானியர் என்பதை, சித்தூரிலிருந்து திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிறகே நான் அறிந்தேன். அவர் பெயர் பால் எர்லிக். நம் காதில் அப்பெயர் பாலிலேயே தொடங்குவது தற்செயல்தான். ஆயினும் எனக்குப் பிடித்திருக்கிறது.

எர்லிக் 1854 மார்ச்சு 14-இல் ஸ்ட்ரெலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்தில் இருக்கிறது. மாணவப் பருவத்திலேயே அவருக்குச் சாயங்களின் மீது பித்து. ஒரு சாயம் ஓர் உயிரணுவைப் பற்றுகிறது, அடுத்ததை விட்டுவிடுகிறதே, ஏன் என்பதே ஓயாத கேள்வி. 1878-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்க் காசநோய் அவரையே பிடித்தது. எகிப்துக்குச் சென்று உடல் தேறித் திரும்பினார். சுருட்டை மட்டும் அவர் விடவில்லை.

1891-இல் ஆமணக்கு வித்தின் நஞ்சையும் குன்றிமணி நஞ்சையும் சுண்டெலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தார். பிறகு, மற்ற எலிகளைக் கொல்லும் அளவைப் போல் பல மடங்கு கொடுத்தும் அவை சாகவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. அவற்றின் குட்டிகளும் சில காலம் நஞ்சைத் தாங்கின. இந்தக் காப்பு எவ்வழி வந்தது? தந்தை மட்டும் காப்புப் பெற்றிருந்தால் குட்டிகளுக்கு ஒன்றும் கிட்டவில்லை. எஞ்சியவை கருப்பையும் பாலும். 1892-இல் அவர் குட்டிகளை இடம் மாற்றினார். காப்பில்லாத எலி ஈன்ற குட்டிகளைக் காப்புப் பெற்ற எலியிடம் பால் குடிக்க விட்டார். செவிலித்தாயின் பாலைக் குடித்த அக்குட்டிகள் நஞ்சைத் தாங்கின! எவ்வளவு எளிய சோதனை, எண்ணிப் பாருங்கள்.

சுண்டெலிக்குக் கருவிலேயே ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. குதிரைக்குட்டிக்கு அதுவும் இல்லை. குதிரையின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளைக் கடத்துவதில்லை; சீம்பால் ஒன்றே வழி. அதை ஏற்கும் குடலின் வாயிலும் 12 மணி நேரத்துக்குள் பெரிதும் குறுகி, 24 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. ஈனும் முன்பே தாய்க்குப் பால் ஒழுகிப்போனாலோ, தாய் இறந்தாலோ, குட்டி எழுந்து நிற்க வலுவற்றிருந்தாலோ இடர்தான். கிருமி இரத்தத்தில் பரவும், மூட்டுகள் வீங்கும், சில நாட்களில் குட்டி மடியும். ஆகவே முதல் சில மணி நேரத்துக்குள் வேறொரு குதிரையின் சீம்பாலை, உறையவைத்துச் சேமித்ததாயினும், ஒன்றிரண்டு லிட்டர் புகட்ட வேண்டும். குடிக்க இயலாத குட்டிக்கு மூக்கு வழியே குழாய். ஒரு நாள் கடந்ததும் இரத்தத்தைச் சோதிக்கிறோம்: டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் எதிர்ப்பொருள் இருந்தால் நிம்மதி, 400-க்குக் கீழே போனால் வேறு குதிரையின் பிளாஸ்மாவைச் சிரை வழியே மெல்ல ஏற்றுவதே வழி. நலமுள்ள அந்தக் குதிரையே இப்போது செவிலித்தாய்.

கன்றின் நிலையும் இதுவே. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் மாடு ஈன்றால் ஜுன்னு காய்ச்சித் தெருவுக்கே கொடுப்பார்கள். நானும் ஆசையோடு உண்டவன்தான். கன்று வயிறாரக் குடித்து மிஞ்சியதைக் காய்ச்சினால் எனக்கு மறுப்பில்லை.

எர்லிக்கின் புகழ் வேறு பணிகளால் வளர்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தின் வலிமையை அளக்க 1897-இல் முறை வகுத்தார். 1908-இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1910-இல் மேகநோய்க்கு 606 என்ற மருந்து வெளிவந்தது. உலகம் அவரை அதற்காகவே நினைக்கிறது. என்னைக் கேட்டால் அந்த எலிக்குட்டிகளையே முதலில் சொல்வேன்.

1915 ஆகஸ்டு 20-இல் அவர் மறைந்தார். யூதர் என்பதற்காக, நாஜிகள் ஆட்சியில் பிராங்க்பர்ட் நகரில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயரை மாற்றினார்கள். போர் முடிந்த பின் பெயர் திரும்பி வந்தது.