பேராசிரியர் சேனக பிபிலே

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பாலம், கட்டடம் பற்றிய கட்டுரை. நான் எழுதுவதோ ஒரு மருந்தியல் பேராசிரியரைப் பற்றி. காரணம் என் அப்பா.

போன வருஷம் அப்பா முற்றத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார். இரண்டு டொக்டர்மாரிடம் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு பெட்டியிலும் வேறு வேறு பெயர். நம் கல்லூரியில் என்னோடு படித்து இன்று டொக்டராக இருக்கும் நண்பன் வந்து, பெட்டியிலிருந்த சின்ன எழுத்தை வாசித்தான். இரண்டும் ஒரே பிரஷர் குளிசை! மாதக்கணக்கில் இரட்டிப்பு அளவு போயிருக்கிறது. பிபிலேயின் பெயரை அன்றைக்குத்தான் அவன் வாயால் முதலில் கேட்டேன்.

1920இல் பிறந்த சேனக பிபிலே கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். கொழும்பில் மருத்துவமும் எடின்பரோவில் ஆராய்ச்சியும் முடித்து, 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்பு பேராதனை மருத்துவ பீடாதிபதி. லங்கா சமசமாஜக் கட்சிக்காரரும்கூட. மருந்து நோயாளிக்கா, வியாபாரத்துக்கா என்ற கேள்வி அவரை விடவில்லை.

1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்ரமசிங்கவோடு சேர்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. முதல் தலைவர் அவரே. நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்தார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைப் போட்டு உலகம் முழுக்க டெண்டர் கோரினார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், எம் 12 போல்ட் என்று கேட்டு, அந்த அளவில் தரமானதைக் குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்குவது. எங்களுக்குச் சர்வ சாதாரணமான விஷயம். மருந்தில் அது பெரிய சண்டையாகிவிட்டது.

வெளிநாட்டுக் கம்பனிகள் எதிர்த்தன. மலிவு மருந்து தரமில்லை என்ற பேச்சும் கிளம்பியது. சோதித்துப் பார்க்காமல் மலிவாக வாங்குவது ஆபத்துத்தான். எஞ்சினியர் என்ற முறையில் அதை மறுக்கமாட்டேன். ஆனால் விலை கூடினால் தரமும் கூடும் என்பதை எந்தச் சோதனைச்சாலையும் ஒப்புக்கொள்ளாது.

1976இல் அவரை ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி அமைப்பு அழைத்துக்கொண்டது. இலங்கையில் செய்ததை மற்ற ஏழை நாடுகளுக்கும் கொண்டுபோகும் வேலை. அந்தப் பணியில் கயானா போன இடத்தில் 1977 செப்டெம்பர் 29இல் இறந்தார். வயது 57. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இலங்கையில் 2015இல் நிறைவேறியபோது, அதை அவர் பெயராலேயே பலர் அழைத்தார்கள்.

அப்பா இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் மருந்தின் சொந்தப் பெயரைப் பேனாவால் பெரிதாக எழுதி வைக்கிறார். எழுத்துப் பிழை உண்டு, அம்மா திருத்துகிறா.